எருமைக்குப் பின்னால் ஓர் அலமாரி

திருச்சி அருமைநாயகம் கலைக்கூடத்து ஆய்வு நூலகத்தில் ஓர் எருமை படுத்திருக்கிறது என்பதை ஜெசிந்தா டீச்சருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கேட்டில் பெயரும் ஊரும் எழுதி வாங்கிய காவலாளி சொல்லவில்லை. கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் பேனாவையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சிலை மட்டும் கையில் கொடுத்த பெண் சொல்லவில்லை. தலைமையாசிரியர் எழுதித் தந்த அறிமுகக் கடிதத்தை எழுத்தெழுத்தாகப் படித்து, முத்திரை கலங்கலாக இருக்கிறதே என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த நூலகர் வைத்தியலிங்கமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அங்கே யாருக்கும் அது தோன்றவில்லை, அவ்வளவுதான். அவள் கேட்ட புத்தகத்தின் எண்ணைப் பார்த்த பிறகுதான் வைத்தியலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இந்த வரிசை எருமைக்குப் பின்னாடி இருக்கு மேடம்."

"எந்த எருமை?"

"நம்ம எருமைதான்," என்றார், மாடிப்படி எங்கே என்று கேட்டவருக்கு வழி காட்டுவதுபோல.

அவர் கை நீட்டிய பக்கம் ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே போகும் நடையின் கோடியில், கறுத்துப் பெருத்த ஓர் எருமை கால்களை மடக்கிப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. காதில் எண் பொறித்த வில்லை. கழுத்துக்கு நேரே, காட்சிப்பொருளைத் தொடாதீர்கள் என்று ஒரு பலகை. தூத்துக்குடியில் ராத்திரி ஏறிய பஸ்ஸில் கடைசி சீட்டில் குலுங்கிக் குலுங்கி வந்து இறங்கியவளுக்கு ஆச்சரியப்படத் தெம்பில்லை; எரிச்சல்தான் வந்தது.

அந்த எருமை எங்கிருந்து வந்தது என்பதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. முதல் மாடியில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு பெரிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று தொங்குகிறது. ஒரு குளம், குளத்தின் மேல் மங்கிவரும் வானம், கரையில் ஒரு புளியமரம், தண்ணீரில் பாதி முங்கிக் கிடக்கும் ஓர் எருமை. போன வருஷத்துச் சித்திரையில், ஊரே கொதித்துக் கிடந்த ஒரு பகலில், அந்த எருமை குளத்தை விட்டு எழுந்து, சட்டத்தைத் தாண்டி இறங்கி, செப்புச் சிலைகளின் கூடத்தைக் கடந்து, படிக்கட்டில் ஒவ்வொரு படியாக யோசித்து யோசித்துக் காலெடுத்து வைத்து, கட்டடத்திலேயே ஏ.சி. நிற்காமல் ஓடும் ஒரே அறையான நூலகத்துக்குள் நுழைந்து, கண்காட்சி மலர்கள் அடுக்கியிருந்த அலமாரியின் கண்ணாடிக் கதவுகளில் முதுகைச் சாய்த்துப் படுத்துவிட்டது. ஏன் வந்தது என்று யாரும் தோண்டித் துருவவில்லை. அந்த வெயிலில் யாருக்குத்தான் ஏ.சி. அறைக்குள் போய்ப் படுக்கத் தோன்றாது என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

வந்ததை என்ன செய்வது என்ற பேச்சுதான் முடியவே இல்லை. அது பட்டியலில் உள்ள ஓவியத்தின் பகுதி, ஆகவே அதைத் தொட நூலகத்துக்கு உரிமையில்லை என்று நூலகம் சொன்னது. நாங்கள் துணியையும் சாயத்தையும் பாதுகாக்கிறவர்கள், மூச்சு விடுகிறவற்றை அல்ல என்று ஓவியப் பாதுகாப்புப் பிரிவு சொன்னது. கால்நடை டாக்டர் ஒருவர் வந்து குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே குளத்துத் தவளைச் சத்தம்தான் கேட்கிறது, இதற்கு நான் சான்று தர முடியாது என்று கையைக் கழுவிக்கொண்டு போனார். இடையில் அது மடி கனத்துக் கத்தத் தொடங்கியது. நூலகத்தில் சத்தம் கூடாது என்பது தொடக்கூடாது என்பதைவிடப் பழைய விதி என்பதால், அமைதியைக் காக்கும் பொருட்டு மட்டும் பால் கறக்கலாம் என்று ஓர் உத்தரவு வந்தது. எதிரே டீக்கடை வைத்திருக்கும் சுலைமான் காலையும் மாலையும் வந்து, அது எழுந்திருக்காததால் படுத்த வாக்கிலேயே கறந்துகொண்டு போனார். பாலில் லேசாக, ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் வாசம் அடித்தது. முதல் வாரம் குறை சொன்னவர்கள் அடுத்த வாரம் அந்த வாசம் இல்லாத டீயை டீ என்றே ஒத்துக்கொள்ளவில்லை. சாணம் கெட்டியான பச்சை வண்ணமாக விழுந்தது, அதைச் சிறுவர் ஓவிய வகுப்பு வாளியில் அள்ளிக்கொண்டு போனது. மாட்டுப் பொங்கலுக்கு யாரோ கொம்பில் பொட்டு வைத்துவிட, பாதுகாப்புப் பிரிவு பஞ்சும் திரவமுமாக வந்து ஒரு பகல் முழுக்கத் துடைத்தது. மேலே, எருமை எழுந்துபோன இடத்தில் வெறுந்துணி தெரியும் ஓவியத்தைப் பார்க்க வருகிறவர்களிடம், எருமை கீழே நூலகத்தில் இருக்கிறது, பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை பார்க்கலாம் என்று வழிகாட்டிகள் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். இப்படியாக எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டிருந்தது, அலமாரிக் கதவைத் திறக்க முடியாது என்பதைத் தவிர.

ஜெசிந்தாவுக்கு அந்த அலமாரிக்குள் இருந்த ஒரு பக்கம் வேண்டியிருந்தது.

அவளுக்கு பிலோமினா என்று ஓர் அக்கா இருந்தாள். ஜெசிந்தாவுக்கு ஏழு வயதாகும்போது, பத்தொன்பது வயதில், மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். வீட்டில் இருந்த நாலைந்து போட்டோக்கள் பிறகு வந்த ஒரு புயலில் டிரங்குப் பெட்டியோடு ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் பாசிபோல வந்தன. அக்கா சாவதற்கு முந்தின வருஷம் ஓவியர் ஒருவர் கடற்கரைக்கு வந்து, ஏலக் கூடத்தருகே மீன் கூடையோடு நின்றவளை நிற்கவைத்து ஒரு படம் போட்டுக்கொண்டு போனார் என்பது மட்டும் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் படம் எங்கோ வெளிநாட்டுக்கு விலை போயிற்று, ஓவியரும் இறந்துவிட்டார். அவருடைய மகனைத் தேடிப்பிடித்துப் போனில் கேட்டபோது, எங்களிடம் ஒன்றுமில்லை, அருமைநாயகத்தில் நடந்த கண்காட்சிக்கு ஒரு மலர் போட்டார்கள், அதில் அந்தப் படம் இருக்கும், அந்த மலர் இப்போது அங்கேதான் இருக்கும் என்றார்.

அம்மா ரோசம்மாள் சாயங்கால ஜெபத்தில் செத்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நினைக்கிறவள். இந்த வருஷம், மூச்சுவாங்கல் கூடி, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகு, ஒரு நாள் ஜெபத்தை நடுவில் நிறுத்திவிட்டாள்.

"பிலோமி மொகம் வரமாட்டேக்குட்டி," என்றாள். "பேரு வருது, கொரலு வருது, மொகம் மட்டும் வரமாட்டேக்கு. அங்க போயி இத்தன பேருக்கு மத்தியில அவள எப்படிட்டி நான் கண்டுபிடிப்பேன்?"

ஓவிய டீச்சரான ஜெசிந்தாவால் எவர் முகத்தையும் வரைய முடியும், பார்த்தால். அக்கா முகம் அவளுக்கும் நினைவில் இல்லை.

இதையெல்லாம் வைத்தியலிங்கத்திடம் சொல்லவில்லை. எருமையை எழுப்புங்கள் என்று மட்டும்தான் கேட்டாள். அதற்குப் பாதுகாப்புப் பிரிவிடம் கேட்க வேண்டும் என்றார். பாதுகாப்புப் பிரிவு பின்கட்டு மாடியில் இருந்தது; அங்கே நளாயினி என்ற அதிகாரி, பூதக்கண்ணாடி வழியாக ஒரு சாமி படத்தின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல், எருமையை அசைத்தால் வண்ணம் வெடிக்கும் என்றாள்.

"அது பாட்டுக்கு வாலை வீசுதே, அப்ப வெடிக்கலையா?"

"அது தானா அசைஞ்சா எங்க பொறுப்பு இல்ல மேடம். நாம அசைச்சாதான்."

"அப்ப அது தானா எப்ப எந்திரிக்கும்?"

"வெயில் தணிஞ்சதும்," என்றாள் நளாயினி. பிறகு கொஞ்சம் யோசித்து, "திருச்சியில அது எப்பன்னு சொல்றது கஷ்டம்," என்றாள்.

டைரக்டரிடம் போகச் சொன்னார்கள். டைரக்டர் விடுப்பில் இருந்தார். டைரக்டரின் உதவியாளர், எருமை சம்பந்தப்பட்ட எல்லாம் கால்நடைத் துறைக்குப் போயிருக்கிறது என்றார். ஏ.சி.யைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் புழுங்கி எழுந்து போய்விடாதா என்று கேட்டதற்கு, புத்தகங்கள் என்னாவது என்று வைத்தியலிங்கம் நெஞ்சில் கைவைத்தார். அந்தப் பகலெல்லாம் அவளுக்கு எல்லோரும் மரியாதையாக நாற்காலி போட்டார்கள், எல்லோரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள், ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. டீ நன்றாக இருந்தது என்பது அவள் எரிச்சலை இன்னும் கூட்டியது.

வாசகர் மேசையில் எப்போதும் ஒருவர் இருந்தார், கோதண்டபாணி என்று பெயர், செப்புச் சிலைகளின் மூக்குத்திகளைப் பற்றி நெடுங்காலமாக ஆராய்ச்சி செய்கிறவர். மாலையில் அவள் வெறுங்கையோடு பென்சிலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் அன்பாகச் சொன்னார், "அவசரப்படாதீங்கம்மா. நான் வந்த புதுசுல இப்படித்தான் அவசரப்பட்டேன்."

கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில் தங்கிவிட்டு மறுநாள் கதவு திறக்கும்போதே வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் லீவு அத்தோடு சரி. அம்மாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். காலையில் போன் பண்ணியபோது, ராத்திரி மூச்சு ரொம்ப இழுத்துச்சு, நீ எப்ப வார என்று கேட்டார்கள். வைத்தியலிங்கம் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, உத்தரவு ஏதும் வரவில்லை என்று சொல்லிவிட்டு, அவள் கேட்காத, ஆனால் அவளுக்குப் பயன்படக்கூடும் என்று அவர் நினைத்த, கடல் வாழ் உயிரினங்களைச் சித்திரிக்கும் தேர்ச் சிற்பங்கள் பற்றிய பெரிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஜெசிந்தா அதை மூடிய கையோடு எழுந்து, நேரே நடைக்குள் போய், பலகைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எருமை அவளைப் பார்த்தது. அவள் எருமையைப் பார்த்தாள். பிறகு, நூலகம் என்பதால் குரலை உயர்த்தாமல், வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரர்களை ஏசும் அதே தணிந்த குரலில் பேசத் தொடங்கினாள்.

"ஒனக்கென்ன, சொகமா குளுகுளுன்னு படுத்துக் கெடக்க. முந்தாநேத்து ராத்திரி பூரா பஸ்ஸுல ஒறங்காம வந்தது நானு. நேத்து பூரா மாடி மாடியா ஏறி எறங்குனது நானு. ஊருல எங்கம்மா மூச்ச இழுத்துப் புடிச்சுட்டுக் கெடக்கா, மக மொகத்தப் பாத்துட்டுப் போவலாம்னு. நீயும் படத்துல இருந்தவதான். ஒனக்கு வேர்த்துச்சு, எறங்கி வந்துட்ட, ஒன்ன ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல, ஏ.சி. போட்டு, காதுல வில்லை மாட்டி, ஒன் பால்ல டீ போட்டுக் குடிக்காவ. எங்கக்காவும் ஒரு படத்துலதான் இருக்கா. பத்தொன்பது வயசுல போனவ, வேற எங்கயும் இல்ல, ஒன் முதுகுக்குப் பின்னால ஒரு பக்கத்துல இருக்கா. அவ எறங்கி வரல. வர வேண்டாம், நான் போயிப் பாத்துட்டு வந்துருதேன். அதுக்குக்கூட நவுந்து குடுக்க மாட்டேன்னா நீயெல்லாம் என்ன பொம்பள."

எருமை இதையெல்லாம் கேட்டது. அசை போடுவதைக்கூட நடுவில் நிறுத்தியது. பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டு, உடம்பைப் புரட்டி, முன்னைவிட அழுத்தமாகக் கண்ணாடிக் கதவில் சாய்ந்துகொண்டது.

வைத்தியலிங்கம் கையில் பிடித்திருந்த புத்தகத்தோடு அப்படியே நின்றார். பால் கறக்க வந்த சுலைமான் செம்பைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றார். கோதண்டபாணிதான் எழுந்து வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்:

"ஏன் சார், பின்பக்கமா எடுத்துக் குடுக்கலாமே. முன்னாடி ஒரு தடவை அப்படித்தானே எடுத்தோம்."

ஜெசிந்தா தரையிலிருந்து தலையைத் திருப்பினாள். "எந்தப் பின்பக்கம்?"

"அலமாரிக்கு அந்தப் பக்கம் பைண்டிங் அறை. பின்னாடி வெறும் பலகைதான், திருகாணி கழட்டினா வந்துடும்."

"அது பழைய டைரக்டர் காலத்துல," என்றார் வைத்தியலிங்கம் பலவீனமாக.

அவள் மெல்ல எழுந்து, சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டி, அவர் முன்னால் போய் நின்றாள். "இத ஏன் சார் நேத்தே சொல்லல?"

வைத்தியலிங்கம் உண்மையாகவே குழம்பினார். "நீங்க எருமைய எழுப்பத்தானே மேடம் சொன்னீங்க. புஸ்தகத்த எடுக்க வேற வழி இருக்கான்னு கேக்கலையே."

ஜெசிந்தா கண்ணை மூடி, மனசுக்குள் ஓர் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லி முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். அதற்குள் சுலைமான் கடைக்கு ஓடித் திருப்புளியோடு வந்துவிட்டிருந்தார். பைண்டிங் அறையில் பசை வாளிகளையும் காகிதக் கட்டுகளையும் நகர்த்தி, துருவேறிய திருகாணிகளை ஒவ்வொன்றாக எண்ணெய் விட்டுக் கழற்றி, சுலைமானும் கோதண்டபாணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பலகையை இறக்கினார்கள். யாரையும் விடாமல் வைத்தியலிங்கம் தாமே கையை உள்ளே விட்டுத் துழாவி, மெலிந்த, சாம்பல் நிற அட்டை போட்ட மலர் ஒன்றை உருவி எடுத்தார். எருமையின் முதுகு வெகுநாளாகச் சாய்ந்திருந்ததால் அட்டை வெதுவெதுவென்றிருந்தது.

படம் கறுப்பு வெள்ளையில், உள்ளங்கை அகலம்தான் இருந்தது. தலைப்பு 'அலைமகள்'. எதிர்ப்பக்கத்தில் விமரிசகர் ஒருவர், இவள் முகத்தில் கடலின் நித்திய அமைதி குடிகொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தார். ஜெசிந்தா அதைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள். இடுப்பில் மீன் கூடையோடு நின்ற அந்தப் பெண்ணின் முகத்தில் அமைதி என்பதே இல்லை. இடது புருவம் ஏறியிருந்தது, மூக்கு விடைத்திருந்தது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, இன்னும் எத்தன நேரம்யா நிக்கணும், அங்க ஏலம் முடியப் போவுது, என்று அந்த நிமிஷமே கேட்கப் போகிறவளைப்போல இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவள், தன் முகமும் நேற்றுக் காலையிலிருந்து அதே மாதிரிதான் இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதைத் தாடை வலியில் உணர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளுக்குச் சிடுமூஞ்சி டீச்சர் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு இதுவரை தெரிந்ததில்லை.

போட்டோ எடுக்க டைரக்டர் அனுமதி வேண்டும், ஜெராக்ஸ் வெளிச்சம் தாளுக்கு ஆகாது என்று வைத்தியலிங்கம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் சண்டை போடவில்லை. நல்ல தாள் ஒன்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். அவர் பைண்டிங் அறையிலிருந்து பழைய தடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து, ஓரங்களைத் தாமே நறுக்கிக் கொடுத்தார்.

அவள் பெரிதாக, நிஜ முக அளவுக்கு வரைந்தாள். தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கோதண்டபாணி, யாருக்காக இது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கொஞ்சம் பொறுத்து, "லேசா சிரிக்கிற மாதிரி போட்டுடுங்களேம்மா. உடம்பு முடியாதவங்க, பாத்தா சந்தோஷப்படுவாங்க," என்றார். அவளுக்கும் அந்த ஆசை வந்தது. வாயின் ஓரத்தை மெல்லத் தூக்கி, புருவத்தை இறக்கிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. காலண்டரில் தொங்கும் யாரோ ஒரு பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பெண்ணுக்குப் பெயரும் இல்லை, அவள் யாருக்கும் அக்காவும் இல்லை. ஜெசிந்தா ரப்பரை எடுத்துச் சிரிப்பை அழித்தாள். அழித்த இடத்தில், மலரில் இருந்தபடியே, புருவத்தை ஏற்றி, உதட்டை ஒரு பக்கமாக இழுத்துப் போட்டாள். அப்போதுதான் அவளுக்கு, ஏழு வயதுக்காரியின் தலையில் ஈர் வாரிக்கொண்டே, ஆடாம இருட்டி என்று குட்டும் ஒரு கை நினைவுக்கு வந்தது, அந்தக் கைக்கு மேலே ஒரு முகமும் வந்தது.

ஐந்து மணி அடித்தது. வைத்தியலிங்கம் எழுந்து விளக்குகளை அணைக்கப் போனவர், பாதி வழியில் நின்று, திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

"முடிச்சுக்கோங்க மேடம். எருமைக்காக எப்படியும் ஏ.சி. ஓடிக்கிட்டுதான் இருக்கும்."

மறுநாள் காலை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது ரோசம்மாள் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா சுருட்டிக் கொண்டுவந்த தாளை விரித்து, இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். கையை நீட்டித் தாளை வாங்கி, முகத்துக்கு வெகு பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். அமைதியாக ஒரு முகத்தைப் போட்டிருக்கலாமோ என்று ஜெசிந்தா நினைத்தாள்.

"ஏட்டி பிலோமி," என்றாள் ரோசம்மாள் தாளைப் பார்த்து. "எதுக்குட்டி மூஞ்சிய இப்படி வச்சிருக்க? பெரிய மனுசரு வந்து கொஞ்சம் நில்லுன்னா ஒனக்கு நிக்க முடியாதோ? ஒன்னைய எதுக்குமே நிக்கச் சொல்லிர முடியாது. கோயில்ல பூச முடியுமட்டும் நின்னியா நீ? கஞ்சியக் குடிச்சுட்டுப் போட்டின்னு எத்தன தடவ சொன்னேன், கேட்டியா? வெறும் வயித்தோட கெடந்து கெடந்துதானட்டி காமாலைய வாங்கிட்டு வந்த."

மூச்சு வாங்கியது, நிறுத்திக்கொள்வாள் என்று ஜெசிந்தா தண்ணீரை நீட்டினாள். ரோசம்மாள் ஒரு மிடறு குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, உடைந்த மண்பானைக்கும் தொலைந்த வெள்ளிக் கொலுசுக்கும் ஏலக்காரனிடம் வாய்கொடுத்ததற்கும் கணக்குத் தீர்க்கத் தொடங்கினாள். அத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த ஏச்சு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரோடு சண்டை என்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் ஜெபத்துக்கு மணி அடிக்கும்வரை தாய் மூத்த மகளை ஏசிக்கொண்டே இருந்தாள், படத்தில் இருந்தவளும் முகத்தை இழுத்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். இளையவள் குறுக்கே பேசாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.